காலியாக விட்ட கட்டம்

அத்தியாயம் 6

"நெசந்தான் சார். நான் பாத்தேன். ஆனா நான் சொல்லல."

சிட்டம்மாள் சொன்னது அவ்வளவுதான். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினார். அலுவலகம் கொடுத்த போனின் மேல் அதை வைத்து, இரண்டையும் மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய், வேன் நிறுத்தும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார்.

அறையில் மிச்சமிருந்த பதினாறு களப்பணியாளர்களும் என்னைப் பார்த்தார்கள். நான் துப்பறியும் ஆல்வின். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் என் அலுவலகம். 'அச்சமின்றி அணுகவும்' என்று போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன். அரை மணி நேரத்தில் குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்த மிதப்பில் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அப்படி நின்றதை இப்போது எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

விஷயம் இதுதான். 'நலக்கூடை' என்ற தொண்டு நிறுவனம் சுற்றுவட்டாரத்தில் பதினேழு இடங்களுக்கு மருத்துவ வேன் அனுப்புகிறது. இடத்துக்கு ஒரு களப்பணியாளர், ஆளுக்கு ஒரு போன், அதில் ஒரு ஆப். நோயாளியின் பெயர், வயது, ஊர், சாப்பிடும் மாத்திரை, அடுத்து வாங்க வேண்டிய தேதி எல்லாம் அதில் வரும். அவரவர் ஊர்ப் பட்டியல் அவரவருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். அடுத்த ஊர் தெரியக் கூடாது.

மானாம்பதி தேவிக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. போன வாரம் பழையசீவரத்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு போட்டோவைக் கொண்டுவந்து நீட்டி, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போட்டோவில் இருந்தது ஆப்பின் ஒரே ஒரு வரி. '9. தேவி, 24, மானாம்பதி, வலிப்பு மாத்திரை.'

நலக்கூடையின் ஒருங்கிணைப்பாளர் மலர்க்கொடி என்னை அழைத்தார். "எனக்கு இந்த ஆப் புதுசு இல்ல மேடம். மூணு வருஷம் முன்னாடி இதுல எல்லாப் பணியாளர் பேரையும் பதிஞ்சு கொடுத்ததே நான்தான். இதோட நாடி நரம்பெல்லாம் எனக்குத் தெரியும்" என்று பீற்றிக்கொண்டேன். பதினேழு பேரையும் வரவழைத்து, போனைத் திறந்து மேஜையில் வைக்கச் சொன்னேன். எல்லார் போனிலும் மேலே 'மொத்தம்' என்று இருநூறு, முந்நூறு, நானூறு. சிட்டம்மாள் போனில் மட்டும் மூவாயிரத்து நூற்று ஆறு. பதினேழு இடத்து நோயாளிகளும் அதில் இருந்தார்கள்.

"எப்படி வந்தாங்க இத்தனை பேரு? என்ன பண்ண நீ? யார்கிட்ட காட்டின?" என்று கத்தினேன். மற்ற பதினாறு பேரையும் 'நீங்க' என்றவன், திருப்புலிவனத்துக்குப் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து வந்த இந்த ஒருவரை மட்டும் 'நீ' என்றேன். அது என் காதில் விழவில்லை. சுதா காதில் விழுந்திருக்கிறது.

சுதா என் உதவியாளர். முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவள். மிஷின் போய்விட்டது. வாய் மட்டும் இன்னும் நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை.

"கேஸ் முடிஞ்சிடுச்சா சார்?" என்றாள், எதிர் டீக்கடையில்.

"முடிஞ்சது. மூணு மணிக்கு மேடம் ஸ்டேஷன்ல புகார் கொடுக்கறாங்க."

"அரை மணி நேரத்துலயா? வெங்காய மண்டி பூனையத் தேடவே நமக்கு நாலு நாள் ஆச்சு."

"பூனை ஓடிச்சு சுதா. இந்தம்மா ஓடல."

"அதான் எனக்கு இடிக்குது. தப்பு பண்ணது ஓடணுமில்ல? இது கொட்டாயில குந்திக்கினு கீது."

நான் என் ஆதாரங்களை அடுக்கினேன். ஒன்று, எல்லா ஊரும் தெரிகிற போன் அது ஒன்றுதான். இரண்டு, போட்டோவின் வலது ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை. மஞ்சள் பூசிக் குளித்த விரல் கேமராவில் பட்டிருக்க வேண்டும். ஆக, எடுத்தது ஒரு பெண்.

"பதினேழு பொம்பளைங்க வேலை செய்யற எடத்துல, எடுத்தது பொம்பளன்னு கண்டுபுடிச்சிட்டீங்க. சூப்பர் சார்." வடையைப் பிய்த்துக்கொண்டே தன் போனில் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கினாள். "அது கெடக்கட்டும். இந்த ஒம்போது இன்னாது?"

"வரிசை எண்."

"எந்த வரிசைல ஒம்போது?"

டீயை ஒரு வாய் குடித்தேன். இன்னொரு வாய் குடித்தேன்.

"பட்டியல் அகர வரிசைல வருது. ஆப்பே ஒண்ணு, ரெண்டுன்னு எண் போட்டுக்கும்" என்றேன்.

"அப்ப சிட்டம்மா போன்ல தேவி எத்தனாவதா நிக்குது?"

அதை நான் பார்க்கவே இல்லை. துப்பறிகிறவன் செய்திருக்க வேண்டிய முதல் வேலை அது.

திரும்பி ஓடினோம். மணி பன்னிரண்டேகால். மலர்க்கொடி புகாரை எழுத ஆரம்பித்திருந்தார். சிட்டம்மாளின் போன் மேஜையில் அப்படியே கிடந்தது. சுதா எடுத்தாள். நான் அதை அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

"இன்னா சார், கொத்திட்டுப் போறீங்க?"

"எனக்குத்தான் இது பழக்கம்" என்று சொல்லிக்கொண்டே பட்டியலைக் கட்டைவிரலால் வேகமாகத் தள்ளினேன். அகரம், ஆகாரம், இகரம் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடின.

"மொத எழுத்தெல்லாம் பாக்காமயே ஓட்டறீங்களே?"

"தேவி 'தே'வுலதானே வருவா?"

சுதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் ஏன் அப்படி ஓட்டினேன் என்பதை இந்த அத்தியாயம் முடிவதற்குள் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மானாம்பதி தேவி, இருபத்து நாலு வயது. வரிசை எண் ஆயிரத்து இருநூற்று எண்பத்து நாலு.

மானாம்பதிக்கு உரிய களப்பணியாளர் சோபியாவைக் கூப்பிட்டோம். அவர் தன் போனைத் திறந்து, மேலேயும் கீழேயும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, தேவியின் வரியை மட்டும் காட்டினார். வரிசை எண் தொண்ணூற்று ஏழு.

"பாத்தீங்களா சார், எப்படிப் பொத்திப் பொத்தி காட்டுது" என்று என் காதில் சொன்னாள் சுதா. "நீங்க காலைல பதினேழு போனையும் கறி மார்க்கெட் மாதிரி பரப்பி வெச்சீங்க."

அது சுருக்கென்றது. "எந்த ஊர்ப் பட்டியல்லயும் தேவி ஒம்பதாவதா வர முடியாது. எல்லா ஊரும் சேர்ந்தாலும் வர முடியாது" என்றேன், பேச்சை மாற்றி.

"ஒம்போதுல நிக்கணும்னா க்யூ சின்னதா இருக்கணும் சார். ரேஷன் கடையில நான் ஒம்போதாவதா நின்னா, அன்னிக்கு பாமாயில் வரலன்னு அர்த்தம்."

சின்ன க்யூ. ஊர் பார்க்காத க்யூ. தேவி வேறு எந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நிற்பாள்? பெயரும் வயதும் ஊரும் போனால் அந்த வரியில் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்.

"மாத்திரை!" என்றேன்.

"அப்பாடா, வந்துட்டீங்க" என்றாள் சுதா. "இன்னொண்ணும் சொல்லிடறேன். ஒங்க மஞ்சளு மஞ்சளே இல்ல. நல்லா பாருங்க. சந்தனம். நடுவுல செவப்பா குங்குமம். விரலுக்கு யாருனா பொட்டு வெப்பாங்களா?"

போட்டோவை மூக்கருகே பிடித்துப் பார்த்தேன். கறுப்புச் சட்டத்தின் மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன் நடுவில் பருப்பு அளவில் குங்குமம். ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இது போனின் படமே இல்லை. பொட்டு வைத்த ஒரு கம்ப்யூட்டர் திரையின் படம். களப்பணியாளர் யாரிடமும் கம்ப்யூட்டர் கிடையாது. மலர்க்கொடியிடம் இருப்பது லேப்டாப், அது எந்தப் பொட்டும் இல்லாமல் அவர் முன்னால் இருந்தது.

மருந்து அறை நடையின் கோடியில் இருந்தது. மருந்துக்குப் பொறுப்பாளர் முத்துகிருஷ்ணன். ஐம்பது வயதிருக்கும், அமைதியான மனிதர். அறைக்குள் நுழைந்ததும் சுதா விசிலடிக்காத குறை. குளிர்சாதனப் பெட்டிக்குப் பொட்டு. எடை பார்க்கும் மிஷினுக்குப் பொட்டு. ஸ்டேப்லருக்குக் கூடப் பொட்டு. கம்ப்யூட்டர் திரையின் இரண்டு பக்கச் சட்டத்திலும் பொட்டு.

"வலிப்பு மாத்திரை எத்தனை பேருக்குப் போகுது சார்?" என்று கேட்டேன்.

அவர் விரல் கீபோர்டின் மேல் நின்றுவிட்டது. பிறகு மெதுவாக 'மருந்து இருப்பு' என்ற பக்கத்தைத் திறந்தார். மாத்திரையின் பெயருக்கு நேரே 14 என்று இருந்தது. அந்த எண்ணைத் தட்டினார். பல ஊர்களைச் சேர்ந்த பதினாலு பெயர்கள் வரிசையாக விரிந்தன. ஒன்பதாவது, தேவி.

நான் போட்டோவைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். பொட்டும் பொட்டும் பொருந்தின.

"மாத்திரை தீர்ந்துபோச்சுங்க" என்றார் முத்துகிருஷ்ணன், யாரையும் பார்க்காமல். "ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு அளவு. கூட்டிப் போட்டு எழுதறதுக்குச் சோம்பல். அப்படியே திரையைப் போட்டோ புடிச்சு, காஞ்சிபுரத்துல வாங்கிட்டு வான்னு டிரைவர் தாமோதரனுக்கு அனுப்பிட்டேன். மாப்பிள்ளைப் பையனுக்கு அவர் தாய்மாமன்னு எனக்குத் தெரியாதுங்க. தேவி வரியை மட்டும் வெட்டி எடுத்து அக்காவுக்கு அனுப்பியிருக்கார்."

"அவரு எங்க?"

"ரெண்டு நாளா லீவு. உடம்பு சரியில்லையாம்."

"போட்டோ வெளிய வந்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுதுங்க. பொட்டைப் பாத்ததுமே தெரிஞ்சுது. சொல்லணும்னுதான் இருந்தேன். காலைல அந்தம்மா பேரு வந்ததும்..." கீபோர்டைத் தள்ளி வைத்தார். "அவங்கன்னா எல்லாரும் சட்டுனு நம்பிட்டாங்க. நானும் அப்படியே இருந்துட்டேன்."

எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. எல்லாரும் சட்டென்று நம்புகிற மாதிரி அந்தப் பெயரை எடுத்து வைத்தவன் நான்தானே.

மலர்க்கொடியிடம் போய்ச் சொன்னோம். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மருந்துப் பக்கத்துல பேரே வரக் கூடாதே? எண்ணிக்கை போதுமே?"

"ஒரே வீட்டுக்கு ரெண்டு வாசல் மேடம்" என்றேன். "முன்வாசல்ல காவல்காரன் நிக்கறான். 'நீ எந்த ஊரு?'ன்னு கேட்டு அந்த ஊர் ஆளுங்களை மட்டும் காட்டறான். பின்வாசல் மருந்துப் பக்கம். அங்க காவலே போடல. யார் எந்த வாசல்ல வந்து கேட்டாலும் கேக்கறவங்க யாருன்னு பாத்துட்டுத்தான் குடுக்கணும்."

"சரி, அது இவர் தப்பு, ஆப் எழுதினவங்க தப்பு" என்றார் அவர். "ஆனா சிட்டம்மாவுக்கு முன்வாசல்லயே எல்லாரும் தெரியறாங்களே? அவங்க ஏதோ பண்ணித்தானே அது நடந்திருக்கும்? புகாரை மாத்தி எழுதணும், அவ்வளவுதான்."

மணி ஒன்றரை. லேப்டாப்பில் பணியாளர் விவரப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். பெயர், அதற்கு நேரே ஊர். சோபியா, மானாம்பதி. அடுத்தவர், அடுத்த ஊர். எல்லாருக்கும் ஓர் ஊர் இருந்தது. கீழே வந்தபோது, சிட்டம்மாள் என்ற பெயருக்கு நேரே இருந்த கட்டம் காலி.

"உங்க பேருக்கு நேராவும் காலிதான் மேடம்" என்றாள் சுதா.

"நான் எல்லா ஊரையும் பாக்கணும். அதனால எனக்கு ஊர் கிடையாது. ஊர் போடலன்னா எல்லாம் தெரியும், அப்படித்தான் அமைச்சிருக்காங்க" என்ற மலர்க்கொடி பாதியில் நிறுத்தினார். "அப்ப சிட்டம்மாவுக்கும்... யார் இதைக் காலியா விட்டது?"

கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் அதுவும் இருந்தது. 'பதிந்தவர்: ஆல்வின்.'

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம் அப்படியே கண்முன் வந்தது. எதிரே வரிசையாகப் பெண்கள். நான் ஊரைக் கேட்பேன், அவர்கள் சொல்வார்கள், வருவாய்த் துறைப் பட்டியலிலிருந்து அந்த ஊரைத் தேர்ந்தெடுப்பேன். கடைசியாக நின்ற பெண் ஒரு பெயரைச் சொன்னார். பட்டியலில் இல்லை. "அப்படி ஒரு ஊரே இல்லையே" என்றேன். "கீது சார், நாங்க அங்கதான கீறோம்" என்றார். பிரியாணிப் பொட்டலம் ஆறிக்கொண்டிருந்தது. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு 'சேமி'யை அழுத்தினேன்.

அவர்கள் இருக்கிற இடத்துக்குப் பெயர் இல்லை என்று நான் விட்ட கட்டம், அவருக்கு எல்லா ஊரையும் திறந்துவிட்டது. காலையில் அதே கட்டத்துக்காக அவரைக் குற்றவாளி என்றேன். சுதா ஏதாவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது. அவள் என் தோளைத் தொட்டு, "போய்ப் பேசிட்டு வாங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

கொட்டகையில் சிட்டம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தூறல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கு பக்கத்தில் திறக்காமல் இருந்தது.

"நீங்க இல்லன்னு தெரிஞ்சுபோச்சும்மா" என்றேன். "தப்பு என்னுது. உங்க ஊரை நான்தான் எழுதாம விட்டேன். மன்னிச்சிடுங்க."

"காலீல நீ. இப்ப நீங்களா?"

நான் தூறல் படாமல் உள்ளே நகர்ந்து நின்றேன்.

"எல்லார் பேரும் வருதுன்னு மூணு தபா மேடத்தாண்ட சொன்னேன் சார். ஒனக்குப் போன் பாக்கத் தெரிலன்னாங்க. அப்பறம் எங்க ஆளுங்க முப்பத்தெட்டு பேரத் தேடித் தேடிப் பாத்துக்கினு, மத்தவங்க மேல கண்ணு படாம தள்ளிக்கினு இருந்தேன். பட்டுதான் பூடும். பட்டாலும் வாயத் தொறக்கல. மூணு வருசமா." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "வேல போனா போவுது. ஸ்டேசன்ல ஒரு தபா எங்க பேரு ஏறுச்சின்னா, அப்பறம் எவன் வூட்ல எது காணாம பூட்டாலும் எங்க வூட்டாண்டதான் ஜீப்பு வரும். அத்த நெனச்சித்தான் சோறு எறங்கல."

எனக்கு அது தெரியாததா? நான் காலனியில் பிறந்தவன். மோட்டார் ஒயர் திருடு போன ஒவ்வொரு தடவையும் முதலில் கூப்பிட்டது எங்கள் அப்பாவைத்தான். இரண்டு நாள் கழித்து ஒயர் வேறு எங்கேயோ கிடைக்கும். 'நீ இல்லப்பா' என்று வழியில் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த 'நீ இல்லப்பா'வை இப்போது நான் சொல்லிக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணு கேக்கவா சார்?" என்றார். "தனியா வந்து சொல்றீங்க. காலீல சொன்னது அத்தினி பேரு முன்னாடி."

"வாங்க" என்றேன்.

பதினாறு பேரும் சாப்பிட்டுவிட்டு அறையில் கூடியிருந்தார்கள். மலர்க்கொடி நின்றார். முத்துகிருஷ்ணன் கதவோரம் ஒட்டிக்கொண்டிருந்தார். சிட்டம்மாள் வாசலுக்கு உள்ளே வந்து நின்றுகொண்டார்.

முதலில் முத்துகிருஷ்ணன் தானாகவே முன்னால் வந்து போட்டோ விஷயத்தைச் சொன்னார். சாயங்காலமே தேவி வீட்டுக்குப் போய்க் காலில் விழுகிறேன் என்றார். மலர்க்கொடி, தானும் வருவதாகச் சொன்னார். எழுதிய புகாரை நாலாகக் கிழித்தார். பிறகு எல்லாரும் கேட்கும்படி, "மூணு தடவை வந்து சொன்னாங்க. நான்தான் காது கொடுக்கல" என்றார்.

என் முறை வந்தது. காலி கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பிரியாணியைக்கூட மறைக்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் மேற்கொண்டு கேட்கவும் இல்லை. ஆனால் சோபியா கேட்டுவிட்டார்.

"மொத்தம் அதிகமா இருந்தா ஆப்ல கோளாறுன்னுதான சார் மொதல்ல நெனைப்போம்? நீங்க ஏன் எடுத்ததும் அவங்க மேல பாஞ்சீங்க?"

காலர் பட்டனைக் கழற்றினேன்.

"அந்தப் போனைத் தள்ளிப் பாத்தப்ப 'ஆ' வரிசைலயே என் பேரு இருந்துச்சு" என்றேன். "ஆல்வின், நாப்பத்தாறு, உத்திரமேரூர். பயத்துக்கு மாத்திரை. திடீர்னு நெஞ்சு படபடக்கும், செத்துப் போயிடுவேன்னு தோணும். ரெண்டு வருஷமா சாப்பிடறேன். ஊர்ல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு திருப்புலிவனத்துக்கு வர்ற வேன்ல போய் வாங்குவேன். என் சங்கதி இந்தம்மாவுக்குத் தெரியும்னு பாத்ததும் எனக்குப் பயம் வந்துடுச்சு. அவங்க வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்களைப் பொய்க்காரி ஆக்கிடணும்னு தோணுச்சு. அதான் பாஞ்சேன். இவ்வளவு பேசினேனே, பதிலுக்கு அவங்க என் பேரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல."

'அச்சமின்றி அணுகவும்' போர்டு மாட்டியவன் பயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறான். யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சுதாதான் மூக்கை உறிஞ்சினாள்.

"அதான் 'ஆ'வை அந்த ஓட்டு ஓட்டினீங்களா?" என்றாள் மெதுவாக. "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வாங்கிக்கினு வந்திருப்பேனே சார். போர்ட நம்பியா நான் வேலைக்கு வந்தேன்?"

மலர்க்கொடி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "நீங்க விட்டது. நீங்களே போடுங்க."

சிட்டம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க ஊர் பேரு என்னங்க?"

"மத்தவங்க ஏரிக்கோடிம்பாங்க. நாங்க வெச்ச பேரு கன்னியம்மா நகர். அன்னிக்கும் அத்தத்தான் சொன்னேன்."

பட்டியலில் புது ஊராகச் சேர்த்தேன். அவர் தன் நோயாளிகளுக்கு நேரே மூன்று வருஷமாகத் தானே எழுதிவந்த ஊரும் அதேதான். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதே என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். அவர் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தில் அதைத் தேர்ந்தெடுத்து, 'சேமி'யை அழுத்தினேன்.

அவர் தன் போனை எடுத்து, ஆப்பை மூடித் திறந்தார். மூவாயிரத்து நூற்று ஆறு போய், முப்பத்தெட்டு வந்தது. மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். எல்லாம் அவர் ஆட்கள்தான். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வேன் புறப்படுகிற நேரமாகிவிட்டது என்று வாசல் பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

கொட்டகை ஓரத்தில் நின்று, மற்றவர்கள் காதில் விழாமல், குரலைத் தாழ்த்தினார்.

"மாத்திர வாங்காத ஆளுங்க பேரு செவப்புல வரும் சார். ஒங்க பேரு ஒன்ற மாசமா செவப்புலதான் கீது. போய்ச் சொல்லலாமான்னு ரெண்டு தபா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். அந்த போர்டப் பாத்தேன். எப்பிடிச் சொல்றதுன்னு திரும்பிட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இனிமே எனக்கு ஒங்க பேரு தெரியாது" என்றார் சிட்டம்மாள். "நீங்களே பாத்து வாங்கிக்கங்க சார்."